ஒளிராத தாள்

பாஹியா பிளாங்காவில் தெற்குக் காற்று அடிக்கிற நாளில்
யாரும் படம் விற்க வருவதில்லை.
அவள் வந்தாள்.
டெல்ஃபினா ஒய்யார்சாபல்:
பெயரை இரண்டு முறை எழுத்துக்கூட்டினாள்,
இரண்டு முறையும் தவறாக எழுதினேன்.
கக்கத்தில் எக்ஸ்ரே உறைகள்,
ஆஸ்பத்திரி முத்திரையோடு பழுப்பேறியவை.
ஒன்றின் மேல் ‘இடது விலா, ரெகால்டே’.
இன்னொன்றின் மேல் ‘முழங்கால், சிறுமி’.
உள்ளே எலும்பு இல்லை.
கார் பந்தயம்.

என் பிழைப்பு இதுதான்.
டயர் கடைக்குப் பின்னால் ஓர் அறை,
பழைய பந்தயப் படங்களை வாங்குவேன், விற்பேன்.
ஓடுவது எந்தக் கார் என்று பார்க்குமுன்
தாளைப் புரட்டி முதுகைப் பார்ப்பேன்.
முகத்தைவிட முதுகு குறைவாகப் பொய் சொல்லும்.
பென்சில் எழுத்து, ஸ்டுடியோ முத்திரை,
ஆல்பத்திலிருந்து பிய்த்த பசைத் தழும்பு,
எல்லாவற்றுக்கும் விலை உண்டு.
மூலை மடிந்திருந்தால் கால் பங்கு கழியும்.
ஓட்டியவர் அதே வருஷம் செத்திருந்தால் இரட்டிப்பாகும்.
இந்தக் கணக்கை நான் போடவில்லை;
போட்டவனைத் திட்டிக்கொண்டே அதில் சாப்பிடுகிறேன்.

அப்பா எக்ஸ்ரே எடுத்தவர் என்றாள்.
அசையாதே, மூச்சைப் பிடி,
இதையே சொல்லி முப்பது வருஷம்.
பந்தயம் ஊரைக் கடக்கும் ஞாயிறுகளில்
இரவல் கேமராவோடு மண்சாலை வளைவில் நிற்பாராம்.
கார்களிடம் அப்படிச் சொல்ல முடியுமா?

முதல் படம்: புழுதி.
இரண்டாவது: புழுதி, ஒரு தந்திக் கம்பம்.
மூன்றாவதில் வலது ஓரத்தில் அரைச் சக்கரம்,
நீள்வட்டமாய் முன்னால் சாய்ந்து
படத்தை விட்டு ஓடிக்கொண்டிருக்கிறது.
பிறகு அதுவும் இல்லை.
வேலியோரம் ஜனம்,
எல்லாத் தலையும் வலப்பக்கம் திரும்பி,
தொப்பியைப் பிடித்த கைகள்,
இப்போதுதான் போன ஒன்றுக்காகத் திறந்த வாய்கள்.
ஒரு நாய் மட்டும் இடப்பக்கம் பார்க்கிறது;
அடுத்த கார் அதற்குத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும்.
அறுபத்தொன்று எண்ணினேன்.
ஒவ்வொன்றிலும் மனுஷன் அரை நொடி தாமதம்.

அறுபத்திரண்டாவதில் கார் இருந்தது.
முழுக் கார். எண் ஐந்து.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிய ஓட்டுநர்,
பக்கத்தில் சேற்று முகத்தோடு மெக்கானிக்,
பானட்டைக் கட்டிய இரண்டு தோல் வார்களில்
தையல்கூடத் தெரிகிறது.
ரொசாரியோவில் ஒரு பல் டாக்டர்
இந்த ஐந்துக்காக ஆறு வருஷமாய்ப் போன் செய்கிறார்.
எனக்கு எச்சில் ஊறியது. மறைத்தேன்.

அறை விளக்கை அணைத்தேன்.
ஊதா விளக்கைப் பிடித்தேன்.
அந்தக் காலத்துத் தாள் இருட்டில் இருட்டாகவே கிடக்கும்;
பின்னால் வந்தது, வெளுப்புமருந்து கலந்தது,
நீலமாய்ச் சிரிக்கும்.
புழுதிகள் அறுபத்தொன்றும் அப்படியே கிடந்தன.
ஐந்தாம் எண் பல்லைக் காட்டியது.

சொல்லாமல் இருந்திருக்கலாம்.
பல் டாக்டரிடம் ஊதா விளக்கு கிடையாது.
“இது அவர் எடுத்ததில்லை” என்றேன்.
“தெரியும். கடையில் வாங்கினார்,
ஒன்றிலாவது கார் இருக்கட்டும் என்று.”
அதை மட்டும் கைப்பையில் வைத்து ஜிப்பை இழுத்தாள்.
“இது விற்பதற்கில்லை. மற்றதுக்குச் சொல்லுங்கள்.”

கார் இல்லாத கார் படத்துக்கு
என் விலைப்பட்டியலில் வரி இல்லை.
வாயில் வந்த தொகையைச் சொன்னேன்.
இரண்டு மடங்கு கேட்டாள்.
புழுதிக்கா?
“முன்வரிசைப் புழுதி” என்றாள்.

கொடுத்தேன்.
அவள் தெருமுனை தாண்டுமுன் போன் அடித்தது.
“எந்த எண்?”
எண் இல்லை, டாக்டர்.
“ஓட்டுவது யார்?”
போய்விட்டார்.
கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு,
“எந்தப் பக்கமாக?”

ராத்திரி பேரேட்டில் எழுதினேன்:
மண்சாலை. ஞாயிறு. அறுபத்தொரு பிரதி.
தாள் அசல், மூலைகள் நேர்.
‘படத்தில் இருப்பது’ என்ற கட்டத்தில் பேனா நின்றது.
நாய் என்று போட்டிருக்கிறேன்,
இப்போதைக்கு.